கேம் பேட் கெட்டுப் போச்சா? ஒரு நிமிடம் பொறுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு. "கெட்டுப் போச்சு" என்பதுதான் அது. பிரிண்டர் ஓடவில்லையா? கெட்டுப் போச்சு. ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லையா? கெட்டுப் போச்சு. இந்த வாக்கியத்துக்கு அடுத்து வரும் வாக்கியமும் பெரும்பாலும் ஒன்றுதான். "யார் தொட்டது?"

இரண்டாவது வாக்கியம்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. சென்ற பொங்கல் விடுமுறையில் மதுரையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததுமே அக்கா ஆரம்பித்துவிட்டாள். "ஏண்டா தம்பி, நீ குடுத்துட்டுப் போன டப்பாவுக்கு மூணு தடவை காசு கொட்டியாச்சு. இவன் கையில எதுதான் நிக்குது?"

பத்து வயது மருமகன் கதவோரம் நின்றிருந்தான். அவன் அம்மா சமையலறைக்குள் போன பிறகு மெதுவாகச் சொன்னான். "மாமா, நான் கீழ போடல மாமா. சத்தியமா அதுவாத்தான் நின்னுச்சு."

மேஜை இழுப்பறையில் மூன்று கேம் பேடுகள் கிடந்தன. மூன்றும் "கெட்டுப் போனவை". மூன்றுக்கும் அவன் திட்டு வாங்கியிருந்தான். அன்று மாலை நான் உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்த உண்மை இதுதான்: மூன்றில் ஒன்றுகூடக் கெட்டுப் போகவில்லை. அது மட்டுமல்ல, முதல் தவறைச் செய்தது அவன் அல்ல, நான்!

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

அக்கா "டப்பா" என்று சொன்னது ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை. ஏடிஎம் கார்டு அளவே இருக்கும் இந்தக் கம்ப்யூட்டர் பிரிட்டனில் உருவாகி 2012 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. நான் கொடுத்தது 2016ல் வந்த மூன்றாவது மாடல். ஆபீசில் ஒரு சோதனைக்காக வாங்கிப் பிறகு என்னிடம் சும்மா கிடந்தது. அதன் மெமரி கார்டில் ரெட்ரோபை என்ற இலவச சாப்ட்வேரைப் பதிந்து, டிவியுடன் இணைத்துக் கொடுத்திருந்தேன். பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் போலவே நடந்து கொள்ளும் சாப்ட்வேர் இது. (ரெட்ரோபையுடன் கேம்கள் எதுவும் வராது. பழைய கேம்களுக்கும் காப்புரிமை உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம். ஆர்வலர்கள் உருவாக்கி இலவசமாகத் தரும் கேம்களும் நிறைய உள்ளன.)

எனக்கு இதில் தனி ஆசை உண்டு. 2000ங்களின் தொடக்கத்தில், கேசட் செருகி விளையாடும் டிவி கேம் நம் ஊரில் பல வீடுகளில் இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஜப்பானில் 1983ல் வெளிவந்த பேமிகாம் பெட்டியின் நகல்கள். எங்கள் வீட்டுப் பெட்டியின் ஜாய்ஸ்டிக் ஒயர் முனையில் ஒன்பது துளைகள் கொண்ட பிளக் இருக்கும். அப்பாவின் ஆபீஸ் கம்ப்யூட்டரின் பின்புறம் இருந்த சீரியல் போர்ட்டில் ஒன்பது ஊசிகள்! இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் செருகிவிட்டு, ஏதாவது நடக்கும் என்று வெகு நேரம் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஏன் என்பது பொறியியல் படிக்கும்போதுதான் புரிந்தது. அந்த ஜாய்ஸ்டிக் தன் எட்டு பட்டன்களின் நிலையை ஒவ்வொன்றாக வரிசையில் அனுப்பும். அதற்கு 5 வோல்ட் மின்சாரமும், "இப்போது சொல்" என்று கேட்கும் சிக்னலும் வேண்டும். சீரியல் போர்ட் இப்படி எதுவும் கேட்காது. அதன் வோல்டேஜும் வேறு. எனவே நீங்கள் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். பிளக் பொருந்துவது வேறு, பேச்சு பொருந்துவது வேறு. இன்று எல்லா கேம் பேடும் யுஎஸ்பி பிளக்குடன் வருவதால் இந்தப் பிரச்னை தீர்ந்துவிட்டதாக நாம் நினைத்துக் கொள்கிறோம். தீரவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

முதல் கேம் பேட்: சிவப்பு விளக்கின் வேலை

முதல் பேடில் இருந்த குறை விநோதமானது. குதிக்கும் பட்டன் வேலை செய்கிறது, சுடும் பட்டன் வேலை செய்கிறது. ஆனால் ஆள் நகர மாட்டான். கூட்டல் குறி போல் இருக்கும் திசை பட்டன் செத்துக் கிடந்தது. கடைக்காரர் பார்த்துவிட்டு, "உள்ள ரப்பர் போச்சும்மா, புதுசு வாங்கிக்கங்க" என்று சொல்லியிருக்கிறார். அக்காவும் வாங்கிவிட்டாள்.

நான் அந்தப் பேடை என் லேப்டாப்பில் செருகினேன். விண்டோஸில் இதைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தினால் ரன் விண்டோ கிடைக்கும். அதில் இடைவெளி விடாமல் ஜே, ஓ, ஒய், புள்ளி, சி, பி, எல் என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். இணைத்துள்ள கேம் பேடின் பெயர் பட்டியலில் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்து பிராப்பர்ட்டீஸ் கிளிக் செய்தால் டெஸ்ட் என்ற பகுதி கிடைக்கும். நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு பட்டனுக்கும் அங்கே ஒரு எண் சிவப்பாக ஒளிரும்.

திசை பட்டனை அழுத்தினேன். ஒரு சதுரத்துக்குள் இருந்த கூட்டல் குறி இடமும் வலமும் ஒழுங்காக ஓடியது. அப்படியானால் ரப்பர் போகவில்லை! பிறகு பேடின் நடுவில் அனலாக் என்று எழுதியிருந்த பட்டனை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மீண்டும் திசை பட்டனை அழுத்தினேன். இப்போது அந்தக் கூட்டல் குறி அசையவில்லை. அதற்குப் பதிலாக, பாயின்ட் ஆப் வியூ ஹேட் என்ற வட்டத்தில் அம்புக்குறி திரும்பியது.

விஷயம் இதுதான். இந்த வகைப் பேடுகளில் விளக்கு அணைந்திருக்கும்போது திசை பட்டன் ஒரு மொழியில் பேசுகிறது. விளக்கு எரியும்போது இன்னொரு மொழியில் பேசுகிறது. கையில் பிடித்திருப்பவருக்கு இரண்டும் ஒரே பட்டன்தான். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வெவ்வேறு.

முதல் நாள் நான் இதை செட்டப் செய்தபோது விளக்கு எரிந்தால் அழகாக இருக்கிறதே என்று அனலாக் பட்டனைத் தட்டிவிட்டேன். அந்த நிலையிலேயே ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பதிவு செய்தேன். பழைய கேமுக்கு எதற்கு என்று குச்சிகளைப் பதியாமல் தாண்டினேன். மறுநாள் பெட்டியை ஆன் செய்தபோது பேட் தன் வழக்கப்படி விளக்கு அணைந்த நிலையில் விழித்துக் கொண்டது. அதன் பேச்சு மாறிவிட்டது. நான் அதற்குள் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன். திட்டு வாங்கியது பத்து வயதுப் பையன்.

இரண்டாவது பேட்: ஒரே பெயரில் இருவர்

இரண்டாவது பேடைச் செருகியபோது எல்லா பட்டனும் வேலை செய்தன, ஆனால் தாறுமாறாக. ஸ்டார்ட் அழுத்தினால் ஆள் குதித்தான். குதிக்கும் பட்டனை அழுத்தினால் கேம் நின்றது. கடையில் "இது அந்தப் பெட்டிக்குச் சேராது" என்று சொல்லியிருக்கிறார்கள்.

யுஎஸ்பி கருவி ஒவ்வொன்றும் தன்னை அறிமுகம் செய்து கொள்ளும்போது ஒரு பெயரையும் இரண்டு எண்களையும் சொல்லும். ஒன்று தயாரிப்பாளரைக் குறிக்கும் எண். மற்றது பொருளைக் குறிக்கும் எண். இந்த அறிமுகத்தை வைத்துத்தான் ரெட்ரோபை, "இவரை ஏற்கனவே தெரியும்" அல்லது "இவர் புதியவர்" என்று முடிவு செய்கிறது. புதியவர் என்றால் பட்டன்களைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்கும். தெரிந்தவர் என்றால் கேட்காது. பழைய பதிவை எடுத்துக் கொள்ளும்.

விலை குறைந்த பேடுகளைச் செய்பவர்கள் பலர், உள்ளே இருக்கும் சிப்பின் பெயரையும் எண்ணையும் மாற்றாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அக்கா வாங்கிய இரண்டு பேடுகளும் வெவ்வேறு வடிவம், வெவ்வேறு நிறம். ஆனால் இரண்டும் சொன்ன பெயரும் எண்களும் ஒன்றே. உள்ளே பட்டன் எண்களின் வரிசை மட்டும் வேறு. எனவே புதிய பேடைப் பழைய பேட் என்றே ரெட்ரோபை நம்பிவிட்டது. இந்தப் பேடைப் புதிதாகப் பதிவு செய்தால் இது சரியாகும். ஆனால் பேடின் பெயரிலேயே பதிவுக் கோப்பு சேமிக்கப்படுவதால் பழையதன் பதிவு அழிந்துவிடும். ஒருவர் விளையாடலாம், இருவர் சேர்ந்து விளையாட முடியாது!

இதற்கு எளிதான தீர்வு, இருவர் விளையாடுவதென்றால் ஒரே மாடலில் இரண்டு வாங்குவது. அல்லது கேம் ஓடும்போதே ரெட்ரோஆர்ச் மெனுவைத் திறந்து, கன்ட்ரோல்ஸ் பகுதியில் இரண்டாவது ஆட்டக்காரரின் பட்டன்களை மட்டும் மாற்றிச் சேமிப்பது. நான் இரண்டாவது வழியைச் செய்து கொடுத்தேன்.

மூன்றாவது பேட்: குற்றம் சார்ஜர் மேல்

மூன்றாவது ஒயர்லெஸ் பேட். விளையாடிக் கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்து போகும். நான் டிவி திரையின் மூலையைப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் ஒரு மின்னல் குறி வந்து வந்து போனது. "அது எப்பவும் வரும் மாமா" என்றான் மருமகன்.

அந்த மின்னல் குறி அலங்காரம் அல்ல, எச்சரிக்கை. ராஸ்பெர்ரி பைக்கு வரும் மின்சாரம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது இது தோன்றும். மூன்றாவது மாடலுக்கு 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். நான் கொடுத்த அடாப்டரை அத்தானின் மொபைலுக்கு எடுத்துக் கொண்டு, பழைய மொபைல் சார்ஜர் ஒன்றை இதற்கு மாட்டியிருந்தார்கள். சரியான அடாப்டரை மாட்டியதும் மின்னலும் போனது, இணைப்பு அறுவதும் நின்றது.

ஏ பட்டன் எங்கே இருக்கிறது?

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ரெட்ரோபை பட்டன்களைப் பதிவு செய்யும்போது "ஏ பட்டனை அழுத்தவும்" என்று கேட்கும். நிண்டென்டோ 1990ல் வெளியிட்ட சூப்பர் பேமிகாமின் பேடில் ஏ பட்டன் வலப்பக்கமும் பி பட்டன் கீழேயும் இருக்கும். மைக்ரோசாப்ட் 2001ல் கொண்டு வந்த எக்ஸ்பாக்ஸ் பேடில் ஏ கீழே, பி வலப்பக்கம். எக்ஸ், ஒய் பட்டன்களும் இப்படியே இடம் மாறியிருக்கும். ரெட்ரோபை மனதில் வைத்திருப்பது நிண்டென்டோவின் அமைப்பை. எனவே எக்ஸ்பாக்ஸ் வகைப் பேட் வைத்திருப்பவர்கள் எழுத்தைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்து அழுத்த வேண்டும். ஏ என்று கேட்டால் வலப்பக்கப் பட்டன், பி என்று கேட்டால் கீழ்ப் பட்டன்.

விண்டோஸில் விளையாடுபவர்களுக்கும் இதே போன்ற சிக்கல் உண்டு. 2005ல் எக்ஸ்பாக்ஸ் 360 உடன் எக்ஸ்இன்புட் என்ற முறை வந்தது. அதற்கு முந்தையது டைரக்ட்இன்புட். பழைய பிசி கேம்கள் பழைய முறையை எதிர்பார்க்கும். புதியவை புதியதை எதிர்பார்க்கும். சில பேடுகளின் பின்புறம் எக்ஸ், டி என்ற எழுத்துகளுடன் ஒரு சிறிய சுவிட்ச் இருப்பது இதற்காகத்தான். அதைத் தள்ளியதும் அதே பேட் கம்ப்யூட்டருக்கு வேறொரு கருவியாகத் தெரியும். "நேற்று ஓடிய பேட் இன்று ஓடவில்லை" என்றால் முதலில் அந்த சுவிட்சைப் பாருங்கள்.

என் கருத்து

நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் சிரித்தார். "ஒரு பேட் முந்நூறு நானூறு ரூபாய். அதுக்கு ஒரு சாயங்காலத்தை வீணாக்கணுமா? புதுசு வாங்கிப் போட்டுட்டுப் போ" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. என் ஒரு மணி நேரச் சம்பளம் அந்தப் பேடின் விலையை விட அதிகமாகவே இருக்கலாம்.

ஆனால் புதிது வாங்கினாலும் பிரச்னை தீரவில்லையே! அக்கா மூன்று முறை வாங்கினாள். ஒவ்வொரு முறையும் பழைய காரணம் அப்படியே இருக்க, புதிய காரணம் ஒன்று சேர்ந்து கொண்டது. காரணம் தெரியாமல் பொருளை மாற்றுவது, காய்ச்சல் வந்தவருக்குச் சட்டையை மாற்றுவது போலத்தான். வீட்டில் எலக்ட்ரானிக் குப்பையும் கூடுகிறது.

காசை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. மூன்று முறை "நீதான் கெடுத்தாய்" என்று கேட்ட பையன், கம்ப்யூட்டரைத் தொடவே பயந்து போயிருந்தான். நான் வரும் வரை அந்தப் பெட்டியை அவன் ஆன் செய்யவே இல்லை. "எனக்கு கம்ப்யூட்டர் வராது மாமா" என்றான். பத்து வயதில்! இதே வாக்கியத்தை என் அப்பாவும் சொல்லியிருக்கிறார், ஆபீசில் உடன் வேலை செய்பவர்களின் அம்மாக்களும் சொல்லியிருக்கிறார்கள். விசாரித்துப் பார்த்தால், செய்யாத தவறுக்கு எப்போதோ பழி ஏற்றவர்களாக இருப்பார்கள்.

தயாரிப்பாளர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பெட்டியின் மேல் "பிசி கம்பேட்டிபிள்" என்று பெரிதாக அச்சிடுகிறார்களே, அதன் கீழே இரண்டு வரி சேர்க்கக் கூடாதா? எந்த எந்த முறையில் இயங்கும், எந்த விளக்கு எதைக் குறிக்கும் என்ற இரண்டே வரிகள். என் மருமகனின் முதல் பேடுடன் வந்த தாளில் அனலாக் பட்டனைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது, "கெட்டுப் போச்சு" என்பதைக் கடைசி வார்த்தையாக வைத்துக் கொள்ளுங்கள். அதற்கு முன் வரிசையாக இவற்றைப் பாருங்கள்.

1. வேறு யுஎஸ்பி போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

2. வேறொரு கம்ப்யூட்டரில், மேலே சொன்ன டெஸ்ட் விண்டோவில் ஒவ்வொரு பட்டனையும் சோதியுங்கள்.

3. விளக்கு, சுவிட்ச் எந்த நிலையில் உள்ளது என்று பாருங்கள். எந்த நிலையில் ஆன் ஆகிறதோ, அதே நிலையில் பட்டன்களைப் பதிவு செய்யுங்கள்.

4. பதிவு செய்யும்போது எழுத்தை விட்டு, இடத்தைப் பார்த்து அழுத்துங்கள்.

5. மின்னல் குறி தெரிந்தால் அடாப்டரை மாற்றுங்கள்.

6. ஒரே ஒரு கேமில் மட்டும் தகராறு என்றால் பேட் மேல் சந்தேகப்படாதீர்கள். அந்த கேமின் செட்டிங்ஸைப் பாருங்கள்.

இரண்டாவது படியில், விளக்கின் எந்த நிலையிலும் ஒரு பட்டனுக்கு எந்த அசைவும் தெரியவில்லை என்றால், அப்போது சொல்லுங்கள், அந்தப் பட்டன் கெட்டுப் போச்சு என்று. உள்ளே ரப்பர் தேய்வதும், ஒயர் பேடுக்குள் நுழையும் இடத்தில் அறுவதும் நடக்கக் கூடியவைதான். அப்போதும் "யார் தொட்டது?" என்று கேட்க வேண்டியதில்லை. தொடுவதற்காகத்தானே வாங்கினோம்!

அன்று இரவு அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். குற்றவாளி நான்தான் என்பதையும் மறைக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகனைக் கூப்பிட்டு, "அந்த ரெண்டாவதை எனக்குக் குடுடா, எப்படி ஓட்டறதுன்னு சொல்லு" என்றாள். அவன் முதலில் அவளுக்குச் சொன்னது இதுதான்: "அம்மா, நடுவுல இருக்கற பட்டனைத் தொடாத. லைட் எரியக் கூடாது."